முழுக் காப்புறுதி ஆற்றுக்குள்ளும் செல்லுமா?

கேள்வி: வரும் ஆகஸ்டு மாதம் நாங்கள் நால்வர் ஐஸ்லாந்து செல்கிறோம். அங்குள்ள மலைச் சாலைகளில் பாலமில்லாத ஆறுகளைக் கடக்க வேண்டும் என்பதால், வாடகை குறைவாக உள்ள சுசுகி ஜிம்னி ஒன்றை இணையத்தில் பார்த்து வைத்திருக்கிறோம். வாகனத்தை ஓட்டப்போகும் என் மாமா, செம்பனைத் தோட்டத்தில் இருபது ஆண்டுகளாக ஹைலக்ஸ் ஓட்டி ஓடைகளைக் கடந்து பழகியவர். ‘முழுக் காப்புறுதி’ எடுத்துவிட்டால் கவலையில்லை என்கிறார். முன்பணம் செலுத்தலாமா?
– ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: இப்போது செலுத்த வேண்டாம். ஒப்பந்தத்தில் தண்ணீரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் படித்துவிடுங்கள்.

ஐஸ்லாந்தில் ‘முழுக் காப்புறுதி’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் மோதல், திருட்டு, சரளைக் கல் பட்டுக் கண்ணாடி உடைதல், மணல் காற்றால் பெயின்ட் உரிதல் ஆகியவற்றுக்கானது. ஆற்றில் இறங்கியதால் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தாலோ, பாறையில் தட்டி வாகனத்தின் அடிப்பாகம் சேதமடைந்தாலோ, அந்தச் செலவு முழுவதும் வாடகைக்கு எடுத்தவரையே சேரும் என்று பல ஒப்பந்தங்கள் வெளிப்படையாகவே கூறுகின்றன. ஆற்றிலிருந்து வாகனத்தை இழுத்து வருவதற்கான கட்டணமும் அதில் அடங்கும். சில நிறுவனங்கள் ஆறு கடப்பதற்கென்றே தனிக் காப்புறுதி விற்கின்றன; அதை எடுத்தாலும், இழப்பில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு என்பதைக் கேளுங்கள். இங்கே வாங்கும் பயணக் காப்புறுதியும், வாடகை ஒப்பந்தத்தை மீறி ஓட்டியதால் வந்த இழப்பை ஈடுசெய்யும் என்று நம்பிவிட வேண்டாம்.

அடுத்தது வாகனம். அண்மைக்கால ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் ஆழம் வரை தாங்கும் என்கிறது தயாரிப்பாளரின் கணக்கு. ஜிம்னிக்கோ அது 300 மில்லிமீட்டர்தான், அதாவது ஓர் அடிக்கும் குறைவு. இரண்டும் நான்கு சக்கரங்களிலும் இழுவை உள்ளவை என்பதால் மாமாவின் கைப்பழக்கம் அப்படியே பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

தோட்டத்து ஓட்டுநர்களின் அனுபவத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனாலும் இந்த ஓர் இடத்தில் அதுவே அவரை ஏமாற்றக்கூடும். நம் ஓடை மழையில் பெருகும், வெயில் வந்தால் வடியும். ஆகவே வானம் வெளுத்தால் இறங்கலாம் என்பது நம்மவர்களுக்கு ஊறிப்போன கணக்கு. அங்குள்ள ஆறுகள் பல பனிப்பாறையிலிருந்து வருபவை. வெயில் ஏறியதும் பனி உருகுவதால், காலையில் முழங்காலளவு இருந்த நீர் பிற்பகலில் வாகனத்தையே தள்ளும் அளவுக்கு உயர்ந்துவிடும். மழை பெய்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். நீர் சாம்பல் நிறத்தில் கலங்கி ஓடுவதால் அடி தெரியாது. ஆகவே அதிகாலையிலேயே கடக்க வேண்டும். நடந்து கடக்கத் துணியாத ஆற்றில் வாகனத்தை இறக்கவே கூடாது. ஆறு அகன்று, பல கிளைகளாகப் பிரிந்து, மேற்பரப்பு சலசலக்கும் இடத்தில்தான் பொதுவாக ஆழம் குறைவு; ஆடாமல் அமைதியாக ஓடும் குறுகலான இடம் ஆழமானது. இறங்குவதற்கு முன்பே லோ ரேஞ்சுக்கு (வேகம் குறைந்து இழுவை கூடும் கியர் நிலை) மாற்றிவிட்டு, நடுவில் கியர் மாற்றாமல், நிறுத்தாமல், நீரோட்டத்தோடு சற்றே சாய்வாக, மெதுவாகச் செல்ல வேண்டும். எஞ்சின் தண்ணீரில் நின்றுவிட்டால் மீண்டும் முடுக்கவே கூடாது: காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது என்பதால், சிலிண்டருக்குள் புகுந்த நீர் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடை வளைத்துவிடும். எஞ்சினையே மாற்ற வேண்டி வந்தால், உங்கள் பயணச் செலவையே மிஞ்சும் கட்டணம் வரக்கூடும்.

நீங்கள் பார்க்க விரும்புவது லான்ட்மன்னலாய்கர் என்னும் மலைப்பகுதி என்றால், எஃப்208 சாலையின் வடபகுதி வழியாகச் செல்லுங்கள். அங்குள்ள முகாமுக்குச் சற்று முன்பு வரும் ஓடை வரையில் பெரிய ஆறு எதுவும் குறுக்கிடாது. ஓடைக்கு இப்பாலேயே வாகனத்தை நிறுத்திவிட்டு நடந்து செல்லலாம். தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்கு என்றால் எஃப்249 சாலையில் பல ஆறுகளும், இறுதியில் குரோஸ்ஸா என்னும் ஆபத்தான ஆறும் உள்ளன. அதற்குக் கோடைக்காலத்தில் ரேக்யாவிக்கிலிருந்து செல்லும் உயரச் சக்கரப் பேருந்தில் ஏறிவிடுவதே என் உறுதியான பரிந்துரை.

முன்பணம் செலுத்துவதற்கு முன், நீங்கள் செல்லவிருக்கும் சாலைகளின் எண்களைக் குறிப்பிட்டு, அவற்றில் இந்த வாகனத்தை ஓட்ட அனுமதி உண்டா, நீரால் வரும் சேதம் யாருடைய பொறுப்பு என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கிடைக்கும் உறுதிமொழி போதாது.

கேள்வி: கடன் அட்டை என் பெயரில் உள்ளது, ஓட்டுபவர் மாமா. இது தடையாகுமா?
– அதே வாசகர்

பதில்: ஆகலாம். முதன்மை ஓட்டுநரின் பெயரிலேயே கடன் அட்டை இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான நிறுவனங்களின் விதி. பிணைத்தொகையை அதில்தான் முடக்கி வைப்பார்கள். உங்களிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தால் நீங்கள் முதன்மை ஓட்டுநராகவும், மாமா கூடுதல் ஓட்டுநராகவும் பதிவு செய்துகொள்ளலாம். இருவருக்கும் மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியை இப்போதே எடுத்துவிடுங்கள். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டீயரிங்கும் இடப்பக்கம் இருக்கும் என்பதால், முதல் நாளை ஆறில்லாத தார்ச்சாலையில் பழகுவதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.