பழைய பிரிட்டிஷ் காசு வாங்கலாமா?

கேள்வி: தஞ்சாவூர்ல காயின் ஷோ நடக்குதாம் சார், இங்கிலாந்து ஹாஃப் கிரவுன் வெள்ளிக்காசு ஒண்ணு வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசை, எதைப் பார்த்து வாங்குறது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தாராளமா வாங்குங்க, ஆனா முதல்ல வருஷத்தைப் பாருங்க. 1920க்கு முன்னாடி அடிச்சதுன்னா 92.5 சதவீதம் வெள்ளி, 1920லேர்ந்து 1946 வரைக்கும் பாதிதான், 1947லேர்ந்து வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும்தான், அதனால பளபளப்பைப் பார்த்து வெள்ளி விலை குடுத்துடாதீங்க. சின்னத் தராசு ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, ஹாஃப் கிரவுன் 14.1 கிராம் இருக்கணும், தேய்மானத்துல கொஞ்சம் குறையலாம், ரொம்பக் குறைஞ்சா விட்டுடுங்க. காந்தத்துல ஒட்டினா போலியேதான். விளிம்பைச் சுத்தி ஒட்டுக்கோடு தெரிஞ்சா வார்ப்புக் காசுன்னு சந்தேகப்படணும். வீட்டுக்கு வந்ததும் பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டு மட்டும் தேய்ச்சுடாதீங்க சார், தேய்ச்ச காசுக்கு மதிப்பு அப்படியே இறங்கிடும்.