‘நாய்கள் ஜாக்கிரதை’ போர்டு கடைக்காரரைக் காப்பாற்றுமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துத் தைத்துக் கொடுக்கிறேன். இரண்டு வாரத்துக்கு முன் அரியாங்குப்பம் பக்கம் ஒரு கடைக்கு டைல்ஸ் வாங்கப் போனோம். அட்வான்ஸ் 8,000 ரூபாய் கட்டி ரசீது வாங்கிய பிறகு, “மீதி டிசைன் பின்னாடி குடோன்ல இருக்கு, போய்ப் பாருங்க” என்றார் கடை ஊழியர். அங்கே கட்டாமல் விட்டிருந்த நாய் என் வலது கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. கடைக்காரர் 2,000 ரூபாய் கொடுத்தார். அரசு மருத்துவமனையில் ஊசி போட்டு வருகிறேன். இன்னும் ஒன்று பாக்கி. மிஷின் மிதிக்க முடியவில்லை. இப்போது அவர், “நாய்கள் ஜாக்கிரதைன்னு போர்டு இருக்கு. அதோட, நாய் வாட்ச்மேனோடது” என்கிறார். 5,000 ரூபாய் தருகிறேன், இனி பிரச்சினை இல்லை என்று எழுதிக் கொடு என்கிறார். என் கணவரோ ஆள் வைத்து நாயைத் தீர்த்துவிடலாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள். கடைசி ஊசியே போடவில்லை. எத்தனை வாரம் வேலை கெடும் என்பது உங்களுக்கே தெரியாது. இந்த நிலையில் கையெழுத்திட்ட தாளை நாளை உங்களுக்கு எதிராகத்தான் நீட்டுவார்கள். முதலில் வாங்கிய 2,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டியதில்லை. அதை வாங்கியதாலேயே உங்கள் உரிமை போய்விடவும் இல்லை.

போர்டு விஷயத்துக்கு வருவோம். இது சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிற வாதம். வளர்ப்பு நாய் கடித்த வழக்கில், அதன் கடிக்கும் குணம் அதை வைத்திருந்தவருக்கு முன்பே தெரியுமா என்பது முக்கியமான கேள்வி. தெரியாதவர் எதற்குப் போர்டு மாட்டினார் என்று உங்கள் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்பார். போர்டு ஒன்றே போதும் என்று சொல்லமாட்டேன். பரம சாது நாய் இருக்கிற வீட்டிலும் அது தொங்குகிறது. உங்களுக்குப் பெரிய பலம் வேறு. வீட்டு வாசலில் அந்தப் போர்டைப் பார்த்தால் நாம் பெல் அடித்துவிட்டு வெளியே நிற்போம். கடை அப்படியல்ல. வியாபாரத்துக்காக வரச்சொல்லி வந்தவர் நீங்கள். அதிலும் ஊழியரே குடோனுக்கு அனுப்பியிருக்கிறார். அனுப்புகிற இடத்தில் நாயைக் கட்டி வைப்பது கடையின் பொறுப்பு. செய்யாததற்குப் பெயர் கவனக்குறைவு. அந்தப் போர்டு முன் கேட்டில் இருக்கிறதா, குடோன் வாசலில் இருக்கிறதா? சீக்கிரம் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்கே இடம் மாறினாலும் ஆச்சரியமில்லை.

‘வாட்ச்மேன் நாய்’ என்பதும் எடுபடாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 291-வது பிரிவு, நாயை யார் விலைக்கு வாங்கினார் என்று கேட்பதில்லை. யார் வசம் இருந்தது என்றுதான் பார்க்கிறது. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ, கொடுங்காயமோ ஏற்பட வாய்ப்பிருந்தும் போதிய முன்னெச்சரிக்கை எடுக்காமல் விட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குடோன் காவலுக்காகக் கடை வளாகத்திலேயே வைத்துச் சோறு போட்ட நாய், அந்த அளவுகோலில் கடையின் வசம்தான். வாட்ச்மேனும் கடைக்காரர் சம்பளம் கொடுக்கும் ஆள்தானே. நாளைக்கு ‘அது தெரு நாய்’ என்று கதை மாறலாம். கழுத்துப் பட்டை, சங்கிலி, தட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டது என்று எது நினைவிருந்தாலும் இப்போதே எழுதி வையுங்கள்.

சம்பவம் நடந்தது புதுச்சேரியில், நீங்கள் இருப்பது கடலூரில். முள்ளோடையைத் தாண்டினால் வேறு ஆட்சி, வேறு போலீஸ். எனவே போகிற வழியைக் கொஞ்சம் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சம்பவம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். அவர்கள் உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆனாலும் நேராக அரியாங்குப்பத்துக்கே போய்க் கொடுப்பதுதான் வேலை ஆகிற வழி. நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு போடுவதென்றால் புதுச்சேரி நீதிமன்றம்தான். மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்தில் மட்டும் நிலைமை உங்களுக்குச் சாதகம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் கடலூரிலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டு அவகாசம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. அந்த 8,000 ரூபாய் ரசீதுதான் உங்களை நுகர்வோர் ஆக்குகிறது, பத்திரம். வெறுமனே பார்க்க வந்தவராக இருந்தால் இந்தக் கதவு திறப்பது கடினம். ‘டைல்ஸில் குறையில்லையே, நாய் கடித்தது எப்படிச் சேவைக் குறைபாடு’ என்று எதிர்த்தரப்பு வாதாடத்தான் செய்யும். ஆகவே இதை நிச்சய வெற்றி என்று நினைத்து இறங்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வழக்கறிஞர் நோட்டீஸ். அதில் இரண்டு விஷயம் போதும்: கேட்கும் தொகை, சிசிடிவி பதிவை அழிக்கக் கூடாது என்ற கோரிக்கை. பல கடைகளில் சில வாரத்தில் புதிய பதிவு பழையதை அழித்துவிடும். உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு வாரம் போய்விட்டது. மருத்துவமனை ஓபி சீட்டில் எங்கே, எப்படி நாய் கடித்தது என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எவ்வளவு கேட்பது? ‘ஒரு பல் தடத்துக்கு 10,000 ரூபாய்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பிக் கேட்காதீர்கள். அது 2023-இல் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் தெருவில் திரியும் நாய்கள் தொடர்பாக அங்குள்ள அரசுகளைப் பொறுப்பாக்கிச் சொன்னது. உங்களுக்கு மருத்துவச் செலவு, போக்குவரத்து, தையல் வருமானம், வலி, தழும்பு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். வருமானத்துக்கு உங்கள் ஆர்டர் நோட்டும், ஜிபேயில் வந்த பணத்தின் பதிவும் நல்ல சாட்சி. தைக்க முடியாமல் திருப்பித் தந்த ரவிக்கைத் துணிகளின் கணக்கையும் எழுதுங்கள்.

வழக்கறிஞருக்குக் காசில்லை என்று தயங்க வேண்டாம். பெண் என்ற ஒரே தகுதியில், வருமானம் எவ்வளவு இருந்தாலும் உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. கடலூர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். வழக்குக்கு முன்பே லோக் அதாலத்தில் (சமரச மக்கள் நீதிமன்றம்) பேசி முடிக்கவும் கேட்கலாம். அங்கே எட்டும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். 5,000 ரூபாய் தாளைவிட நான் அதையே விரும்புவேன்.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். நாயைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ அதே சன்ஹிதாவின் 325-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. கடைக்காரருக்கு வரக்கூடியது 6 மாதம். மேலும், கடித்த நாய் 10 நாளுக்குப் பிறகும் உயிரோடு நலமாக இருக்கிறதா என்பது உங்கள் டாக்டருக்குத் தேவையான தகவல். கடைக்காரரிடம் அதைக் கேட்டுச் சொல்லுங்கள். பதில் எதுவானாலும், டாக்டரைக் கேட்காமல் பாக்கி ஊசியைத் தவறவிடாதீர்கள்.