மூன்றாம் மாடி அம்மா கீழே வருவதே இல்லை: அக்கம்பக்கத்தார் என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 40 வீடுகள். மூன்றாம் மாடியில் 78 வயது அம்மா ஒருவர் மகனோடு இருக்கிறார். தினமும் மாலையில் கீழே வந்து எங்களோடு உட்கார்ந்து பேசுவார். நான்கு மாதங்களாக வருவதில்லை. கேட்டால், "அம்மா தூங்குகிறார்" என்று மகன் கதவிடுக்கிலேயே பதில் சொல்லிவிடுகிறார். இரவில் அதட்டும் சத்தம் கேட்கிறது. வீட்டு விஷயத்தில் தலையிட வேண்டாம் என்கிறார்கள் சிலர். போலீசுக்குப் போகலாம் என்கிறார்கள் வேறு சிலர். சங்கத்தின் செயலாளர் நான். இப்போது என்ன செய்வது? இனி எந்த வீட்டிலும் இப்படி நடக்காமல் இருக்கச் சங்கமாக ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: உங்கள் கடிதத்தைப் படிக்கிறவர்கள் முதலில் இரவுச் சத்தத்தைத்தான் கவனிப்பார்கள். நான் அடிக்கோடிட்டது "நான்கு மாதங்களாக வருவதில்லை" என்ற வரியை. சத்தம் பல வீடுகளில் கேட்கும். காது மந்தமானவர் இருக்கும் வீட்டில் அன்பாகப் பேசுவதுகூட வெளியே அதட்டலாகத்தான் கேட்கும். ஆனால் தினமும் வந்துகொண்டிருந்த ஒருவர் திடீரென்று வராமல் போவதும், அவருக்காக வேறொருவர் கதவிடுக்கில் பதில் சொல்வதும் சேர்ந்து வந்தால் என்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. முதியோர் நலப் பணியில் நான் கண்ட மோசமான நிலைமைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்கின.

அதற்காகக் கொடுமைதான் நடக்கிறது என்று இப்போதே முடிவுகட்டிவிட வேண்டாம். முழங்கால் வலியாக இருக்கலாம். ஒருமுறை தடுக்கி விழுந்த பயம் போகாமல் இருக்கலாம். மனச்சோர்வாகவோ மறதி நோயின் தொடக்கமாகவோ இருக்கலாம். எதுவாக இருந்தாலும் ஒருவர் மேலே போய் அவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஒதுங்கச் சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: நாம் குற்றம் விசாரிக்கப் போகவில்லை, நான்கு மாதமாகக் காணாத ஒருவரைப் பார்த்துவிட்டு வரப் போகிறோம். அதற்கு ஆதாரம் எதுவும் தேவையில்லை.

முதியோருக்கு இழைக்கப்படும் கொடுமை என்றால் என்ன என்பதற்கு, 2002ஆம் ஆண்டு டொராண்டோ பிரகடனத்தில் ஒரு வரையறை தரப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் அதையே பின்பற்றுகிறது. நம்பிக்கைக்குரிய உறவில் இருக்கும் ஒருவர், ஒருமுறையோ பலமுறையோ செய்கிற செயலால் முதியவருக்குத் தீங்கோ வேதனையோ நேர்ந்தால் அது கொடுமை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் கொடுமைதான். இந்த இரண்டாம் பாதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். "மாமாவுக்கு நினைவு தப்பிவிட்டது. ஒன்று கேட்டால் வேறொன்று சொல்கிறார்" என்றார் மருமகள். பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். காதில் கேட்கும் கருவி இருந்தது. அதைக் கழற்றிச் சிறிய மூடியை நகத்தால் நெம்பித் திறந்தேன். உள்ளே பாட்டரி வெள்ளையாகப் பூத்துப் போயிருந்தது. புதிது வாங்கி வரச் செய்து போட்டுவிட்டோம். கருவி ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது. சற்று நேரத்தில் பெரியவர் வாசல் பக்கம் தலையைத் திருப்பி, "யாரோ மணி அடிக்கிறார்கள், பாரம்மா" என்றார். அந்த வீட்டில் யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. ஏழு மாதமாக ஒரு பாட்டரியை மாற்றவில்லை. ஏழு மாதமும் அவர் ஒரு வார்த்தைகூடக் காதில் விழாமல் அந்த ஜன்னலோரத்திலேயே இருந்திருக்கிறார்.

இது எவ்வளவு பரவலானது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சங்கக் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். 28 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, வீடுகளில் வாழும் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் ஒரே ஆண்டுக்குள் ஏதோ ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாகியிருக்கிறார். சொல்லாலும் மிரட்டலாலும் மனத்தைப் புண்படுத்துவது 11.6 சதவீதம், பணத்தைச் சுரண்டுவது 6.8, கவனிக்காமல் விடுவது 4.2. உடலில் அடிபடுவது 2.6 சதவீதம்தான். காயத்தைக் கண்ணால் பார்த்த பிறகு பேசலாம் என்று காத்திருந்தால், துன்பப்படுகிற பலர் நம் கண்ணில் படவே மாட்டார்கள்.

அந்த அம்மா ஏன் தானாக வந்து சொல்வதில்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். கொடுமை நடக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், செய்கிறவர் சொந்த மகன். அவரைப் பற்றி வெளியே பேசுவது தன் வளர்ப்பையே குறை சொல்வதாகப் படும். மகன் போய்விட்டால் மருந்து வாங்கித் தர யார் இருக்கிறார்கள், முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளையை நம்பித்தான் பெற்றவர் இருக்கிறார் என்று நாம் நினைக்கிறோம். பல வீடுகளில் நிலைமை நேர்மாறு. 1980களில் அமெரிக்க ஆய்வாளர் கார்ல் பில்லமர் செய்த ஆய்வுகள், கொடுமை செய்கிறவர்களில் பலர் அந்த முதியவரின் பணத்தையும் வீட்டையும் நம்பியே வாழ்கிறார்கள் என்று காட்டின. வேலையில்லாத மகன், குடிப்பழக்கத்தில் விழுந்த மகன், மனநோய்க்குச் சிகிச்சை பெறாத மகன் என்று யாராக இருந்தாலும் தாய்க்கு அவர் இன்னமும் தான் காப்பாற்ற வேண்டிய பிள்ளைதான். "அவனை வெளியே அனுப்புங்கள்" என்று நாம் சொன்ன அடுத்த நிமிடம் அவர் வாயை மூடிக்கொள்வார்.

சரி, யார் போவது? சங்கத்து நிர்வாகிகள் ஐந்து பேராகப் போகவே கூடாது. அந்த அம்மாவுக்குப் பிடித்தமான ஒரு பெண்மணி, மாலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசியவர், தனியாகப் போகட்டும். சாதாரணமான ஒரு காரணம் இருக்கட்டும்: ஒரு படிவத்தில் விவரம் கேட்க வந்தேன், பேத்தியின் புகைப்படத்தைக் காட்ட வந்தேன் என்பது போல. முதல் நாள் பார்த்துவிட்டு வந்தால் போதும். அறை எப்படி இருக்கிறது, உடை மாற்றியிருக்கிறாரா, மூக்குக் கண்ணாடி, பல் செட், கைத்தடி எல்லாம் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றனவா, மகன் உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்திக்கொள்கிறாரா என்பதையெல்லாம் கவனித்தால் போதும். "தூங்குகிறார்" என்று திருப்பி அனுப்பினால், "எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்? அப்போது வருகிறேன்" என்று கேட்டுக்கொண்டு, சொன்ன நேரத்துக்குப் போக வேண்டும்.

தனியாக இருக்கும் நேரம் கிடைத்தால் சுற்றி வளைக்காமல், மெதுவாகக் கேட்கலாம். "வீட்டில் யாரைக் கண்டாவது பயமாக இருக்கிறதா?" "உங்கள் பணத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள், கேட்டால் தருகிறார்களா?" "கடைசியாக எப்போது வெளியே போனீர்கள்?" பதில் வராவிட்டால் நெருக்க வேண்டாம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யவும் வேண்டாம், நாளை சொல்ல வேண்டி வரலாம். திரும்பி வந்ததும் தேதி, நேரம், கண்டது, கேட்டது ஆகியவற்றை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் ஊகங்களை அதில் எழுதாதீர்கள்.

மகனிடம் போய் நியாயம் கேட்கும் ஆசை உங்களில் சிலருக்கு இருக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீங்கள் பேசிவிட்டு வந்த பிறகு, பூட்டிய கதவுக்குள் அவரோடு இருக்கப் போவது அந்த அம்மாதான். உங்கள் கோபத்துக்கு அவர்தான் விலை கொடுப்பார்.

இந்தப் பொறுமையெல்லாம் உயிருக்கு ஆபத்து இல்லாதவரைதான். காயம், உள்ளே வைத்துப் பூட்டுவது, உணவோ மருந்தோ தராமல் விடுவது, "இனி இருந்து என்ன பயன்" என்ற பேச்சு, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் சங்கத்தைக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த நிமிடமே அவசர உதவியை அழையுங்கள். அப்படி ஆபத்து இல்லை, அவர் தெளிவான மனநிலையில் இருக்கிறார், "எனக்கு எதுவும் வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்கிறார் என்றால் அது அவருடைய முடிவு, மதிக்க வேண்டும். ஆனால் அடுத்த வாரமும் போங்கள். இரண்டாம் முறையில் சொல்லாததை ஒன்பதாம் முறையில் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். மறதி நோயால் முடிவெடுக்கும் தெளிவே இல்லை என்று தோன்றினால், மருத்துவருக்கும் உங்கள் பகுதியின் முதியோர் நல அதிகாரிக்கும் தெரிவித்தே ஆக வேண்டும்.

இனி, சங்கமாக என்ன செய்யலாம் என்ற உங்கள் இரண்டாவது கேள்வி.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் என்றொரு நகரம். அங்கே 1978இல் ரே ராஷ்கோ என்பவர் ஒரு திட்டம் தொடங்கினார். தனித்துப் போன முதியோர் தாமாக உதவி கேட்டு வர மாட்டார்கள். அவர்கள் வாசலுக்கு எப்படியும் போகிறவர்கள் யார் என்று அவர் யோசித்தார். தபால்காரர், மின்சார மீட்டர் பார்க்க வருபவர், வங்கி ஊழியர் போன்றவர்களுக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்று பயிற்சி கொடுத்தார். எடுக்காமல் குவிந்து கிடக்கும் கடிதங்கள், பேச்சில் குழப்பம், திடீரென்று மெலிந்த உடல் போன்றவைதான். அவர்கள் விசாரணை செய்ய வேண்டியதில்லை, ஓர் இடத்துக்குத் தகவல் சொன்னால் போதும். மற்றதை அதற்கென்று இருப்பவர்கள் பார்த்துக்கொண்டார்கள். இந்த முறை பிறகு வேறு பல இடங்களுக்கும் பரவியது.

உங்கள் குடியிருப்பிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். காவலாளி, வீட்டு வேலைக்கு வருபவர், செய்தித்தாள் போடுபவர், மருந்து கொண்டுவரும் பையன். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று செயலாளரைவிட இவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் யாரும் இவர்களைக் கேட்பதில்லை. சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயமும் அவர்களுக்கு இருக்கும். ஆகவே சொன்னவர் பெயர் வெளியே வராது என்று உறுதி கொடுங்கள், அந்த உறுதியைக் காப்பாற்றுங்கள். தகவல் வந்தால் இரண்டு நாளுக்குள் யாராவது போய்ப் பார்க்க வேண்டும். ஒருமுறை சொல்லி எதுவும் நடக்கவில்லை என்றால் அவர்கள் மறுமுறை சொல்ல மாட்டார்கள். பல சங்கங்களின் நல்ல முயற்சி தேய்ந்து போவது இந்த இடத்தில்தான்.

குழுவின் பெயரையும் யோசித்து வையுங்கள். "முதியோர் வன்கொடுமைத் தடுப்புக் குழு" என்று பலகை மாட்டினால் ஒரு வீட்டிலும் கதவு திறக்காது. மாலை நேரச் சந்திப்பு, வாசிப்பு, நடைப்பயிற்சி என்று எதுவாகவும் இருக்கட்டும். உங்கள் குறி ஒன்றே ஒன்று: குடியிருப்பில் உள்ள ஒவ்வொரு முதியவரையும், அவர் வீட்டைச் சேராத இரண்டு பேராவது வாரம் ஒருமுறை நேரில் பார்த்திருக்க வேண்டும். 40 வீடுகளில் முதியோர் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒரு தாளில் எழுதிவிடலாம். ஜூன் 15ஐ முதியோர் வன்கொடுமை விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2011இல் ஏற்றது. அந்த நாளில் கூட்டம் போடுங்கள், நல்லதுதான். ஆனால் மூன்றாம் மாடியில் இருப்பவரால் படியிறங்கி அந்தக் கூட்டத்துக்கு வர முடியுமா என்பதை முதலில் பாருங்கள்.

பணம் பற்றித் தனியாக ஒரு மாலை ஒதுக்குங்கள். பணச் சுரண்டல் சத்தமில்லாமல் நடப்பதால் அக்கம்பக்கத்துக்குத் தெரியாது. வங்கியிலிருந்து ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். ஏடிஎம் ரகசிய எண்ணை யாரிடமும் கொடுத்து வைக்கக் கூடாது, படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்திடக் கூடாது, வீட்டை எழுதிக் கொடுப்பதற்கு முன் பிள்ளைகள் அழைத்து வராத ஒரு வழக்கறிஞரைத் தனியாகப் பார்க்க வேண்டும். இவற்றைப் பொதுவில் எல்லோருக்கும் சொன்னால், எந்த மகனும் தன்னைக் குறிவைத்துச் சொன்னதாக நினைக்க மாட்டார்.

எந்த முயற்சி எவ்வளவு பலன் தரும் என்பதற்கு உறுதியான ஆய்வுச் சான்று இன்னும் போதுமான அளவு இல்லை. உலக சுகாதார நிறுவனமே இதை ஒப்புக்கொள்கிறது. ஆனால் நம்பிக்கை தருபவை என்று அது சொல்லும் முயற்சிகளில் ஒன்று உங்களால் நாளைக்கே செய்யக்கூடியது: பராமரிப்பவருக்கு ஓய்வு கொடுப்பது. மறதி நோய் உள்ளவர் இரவெல்லாம் எழுந்து கதவைத் தட்டினால், பக்கத்தில் இருப்பவர் வாரக்கணக்கில் தூங்கியிருக்க மாட்டார். அப்படி ஒருவர் அதட்டியது சரி என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் அம்மாவோடு யாராவது வந்து உட்கார்ந்திருந்தால் அந்த அதட்டல் குறையும் என்று சொல்கிறேன்.

அந்த மகனிடம் பேச வேண்டிய நேரமும் வரும். அம்மாவைப் பார்த்து, அவர் மனத்தை ஓரளவு அறிந்த பிறகு, மகன் வயதுடைய ஒருவர், அவரைத் தெரிந்தவர், பேசட்டும். "அம்மாவை ஏன் இப்படி வைத்திருக்கிறாய்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "நீங்கள் கடைசியாக ஒரு இரவு முழுக்கத் தூங்கி எத்தனை நாள் ஆகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். சோர்ந்து போனவராக இருந்தால் அந்தக் கேள்விக்கே கண் கலங்கிவிடும். "வியாழக்கிழமை சாயங்காலம் நாங்கள் வந்து அம்மாவோடு இருக்கிறோம், நீங்கள் வெளியே போய்விட்டு வாருங்கள்" என்றால் இரண்டாம் முறையிலோ மூன்றாம் முறையிலோ ஒப்புக்கொள்வார். கூச்சத்தால் முதலில் மறுப்பது இயல்பு. ஆனால் எத்தனை விதமாக உதவியை நீட்டினாலும், யார் வந்தாலும் ஒருவரையும் உள்ளே விட மறுக்கிறார் என்றால், நோட்டில் எழுதி வைத்த தேதிகளோடு முதியோர் நல அதிகாரியிடம் போங்கள். அதற்கு மேல் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.