டீபக்கரில் 1..200 ரேஞ்சின் மேல் எல்லை -56 என்று காட்டுகிறது. தவறு கம்பைலருடையதா, டீபக்கருடையதா?

பெரும்பாலும் டீபக்கர்தான். சொந்தமாக எழுதிய ட்வார்ஃப் ரீடர் (கம்பைலர் எழுதிவைக்கும் டீபக் தகவலைப் படிக்கும் பகுதி) வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

200 என்பது ஒரு பைட்டில், ஹெக்ஸில் எழுதினால், c8. அதே பைட்டை சைன்ட் எண்ணாக (மைனஸும் வரக்கூடிய எண்ணாக) படித்தால் -56. எல்லையை டேட்டா1 ஃபார்மில் (ட்வார்ஃபில் மதிப்பை ஒரே பைட்டில் எழுதும் முறை) எழுதியிருந்தால், அது சைன்டா அன்சைன்டா என்று ஃபார்ம் சொல்லாது. எஸ்டேட்டா, யுடேட்டா என்ற ஃபார்ம்கள் இரண்டும்தான் சொல்லும்.

எங்கள் ஆபீஸில் ஒரு அடா மொழி ப்ராஜெக்டில் இதே கூத்து. மெமரியில் தரவு இருக்கிறது, வாட்ச் விண்டோவில் அரே காலி. மேல் எல்லை கீழ் எல்லையைவிடச் சின்னது என்றால் காலி என்றுதானே காட்டும்! கிளையன்ட் கோடைத்தான் எல்லோரும் குடைந்துகொண்டிருந்தார்கள். நான் ரீட்எல்ஃப் (பைனரியில் உள்ள டீபக் தகவலைக் காட்டும் கருவி) போட்டுப் பார்த்தேன். கம்பைலர் c8 என்று சரியாகவே எழுதியிருந்தது. எங்கள் ரீடர்தான் ஒரு பைட் வந்தாலே சைன் எக்ஸ்டென்ட் (மேல் பிட்டை மைனஸ் குறியாக எடுத்து எண்ணை அகலப்படுத்துவது) செய்துகொண்டிருந்தது.

'அந்த வரியை அழித்துவிட வேண்டியதுதானே' என்று யாராவது கமென்டில் வருவீர்கள், தெரியும். அழித்தால் வேறொன்று உடையும். பழைய கம்பைலர் ஒன்று -40-ஐ d8 என்று ஒரே பைட்டில் எழுதிவைத்திருந்தது. அதற்காக யாரோ சேர்த்த வரி அது. அதனால் பேஸ் டைப்பை (ரேஞ்சுக்கு அடிப்படையான எண் வகையை) பார்க்க வைத்தேன். அது சைன்ட் என்றால், அதன் அகலத்தில் மேல் பிட் ஒன்றாக இருந்தால் மட்டும் சைன் எக்ஸ்டென்ட். 32 பிட் இன்டிஜரில் c8 வெறும் 200தான். ஜிடிபி என்ற டீபக்கரும் பேஸ் டைப்பை வைத்துத்தான் முடிவு செய்கிறது. அந்தப் பழைய கம்பைலருக்கு மட்டும் ப்ரொட்யூசர் ஆட்ரிப்யூட்டை (எந்தக் கம்பைலர் எழுதியது என்று சொல்லும் குறிப்பை) பார்த்து விதிவிலக்கு. அழகான தீர்வு என்று சொல்லமாட்டேன், ஆனால் இரண்டு பக்கமும் சரியாக வருகிறது.

அப்ரைசலில் 'இந்தக் காலாண்டில் உங்கள் கோட் மாற்றம் குறைவு' என்றார்கள். வாட்ச் விண்டோவுக்கு டார்க் தீம் போட்டவருக்கு விருது. சரி, விடுங்கள்.

இன்னொன்று. கீழ் எல்லை எழுதப்படாமலே இருந்தால் மொழியைப் பாருங்கள்: சி-யில் 0, ஃபோர்ட்ரானிலும் அடாவிலும் 1. எங்கள் ரீடரில் எல்லாவற்றுக்கும் 0 என்றே இருந்தது. அதைத் திருத்தியதும் நான்தான், அதுவும் அப்ரைசலில் வரவில்லை.