அடுத்த வருட ஆல்பங்கள்: தேதி வரட்டும், அப்புறம் பேசலாம்

நவம்பர் பிறந்தாலே வரும் கடிதங்களுக்கு ஒரே பல்லவிதான்: அடுத்த வருடம் யாருடைய ஆல்பம் வருகிறது? இந்த முறை பாதிக்கு மேல் அதே கேள்வி. அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து முதலில் ஒரு பதில். மற்றவை வந்த வரிசையில். தன் அபிமானப் பாடகர் யார் என்று எழுதவே மறந்து கேள்வி அனுப்பியவர்கள் நான்கு பேர். அதில் ஒருவருக்கு மட்டும் கீழே பதில் இருக்கிறது, அதுவும் விஷயம் முக்கியம் என்பதால்.

கே: அடுத்த வருடம் வரப்போகும் முக்கியமான ஆல்பங்களின் பட்டியல் தர முடியுமா?

ப: முடியாது. மார்ச்சைத் தாண்டி யார் பட்டியல் போட்டாலும் அதில் பாதி ஆசை, மீதி வதந்தி. பெரிய நிறுவனங்களே பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் முன்னால்தான் தேதியை வெளியே சொல்கின்றன. நான் பார்ப்பது மூன்று விஷயம்: ஆல்பத்துக்குப் பெயர் வந்துவிட்டதா, தேதி வந்துவிட்டதா, பாடல் பட்டியலோடு முன்பதிவு திறந்துவிட்டதா. மூன்றும் இருந்தால் நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு இருந்தால் பென்சிலால் குறியுங்கள். ஸ்டுடியோவில் மைக் முன்னால் நிற்கும் ஒரு போட்டோ மட்டும்தான் என்றால் பென்சிலையும் தொட வேண்டாம்.

அமெரிக்க ராப் பாடகர் டாக்டர் ட்ரே ‘டீடாக்ஸ்’ என்ற ஆல்பத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தது 2002 வாக்கில். அதைக் கைவிட்டுவிட்டதாக அவரே சொன்னது 2015-இல். அந்த வருடம் வந்தது ‘காம்ப்டன்’ என்ற வேறு ஆல்பம். நடுவில் பதின்மூன்று வருடம் ‘அடுத்த வருடம் எதிர்பார்ப்பவை’ பட்டியல்களுக்கு டீடாக்ஸ் நன்றாகத் தீனி போட்டது.

கே: ரிஹானா?

ப: கடைசி முழு ஆல்பம் ‘ஆன்ட்டி’, 2016 ஜனவரி. தேதி வரட்டும்.

கே: நான் காத்திருக்கும் ஆல்பத்துக்கு ஒரு கடைப் பக்கத்தில் டிசம்பர் 31 என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

ப: நம்ப வேண்டாம். கடைக்காரரின் கணினியில் தேதிக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. அதனால் வருடத்தின் கடைசி நாளைத் தட்டி வைத்திருக்கிறார்கள். அது வெள்ளிக்கிழமையா என்றாவது பார்த்தீர்களா?

கே: ஏன் வெள்ளிக்கிழமை? எங்கள் காலத்தில் செவ்வாய்க்கிழமை அல்லவா?

ப: உங்கள் காலம் அமெரிக்கக் காலம். அங்கே செவ்வாய், பிரிட்டனில் திங்கள், ஜெர்மனியிலும் ஆஸ்திரேலியாவிலும் வெள்ளி என்று ஆளுக்கு ஒரு நாள் வைத்திருந்தார்கள். ஒரு நாட்டில் வந்ததை இன்னொரு நாட்டுக்காரர் நான்கு நாள் காத்திருந்து வாங்குவாரா? அதற்குள் திருட்டுப் பிரதியை இறக்கிவிடுவார். 2015 ஜூலை 10 முதல் ஏறக்குறைய எல்லா நாடுகளுக்கும் வெள்ளி என்று பொதுவாக்கினார்கள். பொதுவாக அந்தந்த ஊர் நள்ளிரவுக்குத் திறக்கும் என்பதால் நியூசிலாந்துக்காரர்கள் முதலில் கேட்டுவிடுகிறார்கள். அவர்கள் எழுதுவதைப் படிக்காமல் இருந்தால் உங்கள் வெள்ளி பிழைக்கும்.

கே: ஆல்பம் வரும் முன்பே ஸ்ட்ரீமிங் ஆப்பில் அதைச் சேமித்து வைக்கும் ப்ரீ-சேவ் செய்தால் பாடகருக்கு ஏதாவது பயன் உண்டா?

ப: உண்டு. வெளியாகும் நாளில் அது தானாக உங்கள் லைப்ரரியில் வந்து உட்காரும், முதல் நாள் கேட்பவர் எண்ணிக்கை கூடும். ஆனால் பட்டனை அழுத்தும்போது வரும் அனுமதிப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. மின்னஞ்சல் முகவரி கேட்கும். சில சமயம் உங்கள் கணக்கில் யாரையெல்லாம் பின்தொடர வைக்கலாம் என்று கூடக் கேட்கும். படித்துவிட்டு அழுத்துங்கள். எல்பி, அதாவது வினைல் இசைத்தட்டு, முன்பதிவு வேறு கணக்கு: 2020 இறுதியில் இருந்து அமெரிக்காவின் பில்போர்ட் விற்பனைப் பட்டியலில், தட்டு உங்களுக்கு அனுப்பப்பட்ட பிறகுதான் அது விற்பனையாகச் சேரும்.

கே: எனக்குப் பிடித்த இசைக்குழு ‘ஆல்பம் முடிந்துவிட்டது’ என்று அறிவித்து எட்டு மாதம் ஆகிறது. சத்தமே இல்லை. ஏமாற்றுகிறார்களா?

ப: எது முடிந்தது என்று சொன்னார்கள்? பாடிப் பதிவு செய்து முடிப்பது ஒன்று, குரலையும் வாத்தியங்களையும் அளவாகச் சேர்க்கும் மிக்ஸிங் முடிவது இன்னொன்று, வெளியீட்டுக்காக ஒலியைக் கடைசியாகச் சீராக்கும் மாஸ்டரிங் மூன்றாவது. பாட்டுக்காரர்கள் முதலாவதையே முடிந்தது என்பார்கள். பழைய பாட்டுகளின் துண்டுகளைச் சேர்த்திருந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் உரிமை வாங்க வேண்டும். டி லா சோல் குழு 1989-இல் வெளியிட்ட முதல் ஆல்பம் ஸ்ட்ரீமிங்குக்கு வந்ததே 2023 மார்ச்சில்தான். காரணம் இந்தத் துண்டு விவகாரம். வந்துவிட்ட ஆல்பத்துக்கே இந்தப் பாடு.

அப்புறம் வினைல். லாக்கர் என்ற மெருகு பூசிய அலுமினியத் தட்டில் ஊசியால் பள்ளம் வெட்ட வேண்டும். அதன்மேல் நிக்கல் படிய வைத்து அச்சு எடுக்க வேண்டும். அந்த அச்சில் நாலைந்து தட்டு மட்டும் அழுத்தி டெஸ்ட் ப்ரெஸிங் என்று அனுப்புவார்கள். குழு உட்கார்ந்து கேட்டு, ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ஸ்’ சத்தம் கரகரக்கிறது என்று சொன்னால் மறுபடி முதலில் இருந்து. 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்தபோது, உலகத்தில் லாக்கர் தட்டு செய்த இரண்டே ஆலைகளில் ஒன்று போயிற்று. எல்பியையும் டிஜிட்டலையும் ஒரே நாளில் வெளியிட நினைக்கிற குழு, மாஸ்டரிங் முடிந்த பிறகும் பல மாதம் வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் வேண்டும். எட்டு மாதம் ஒன்றும் அதிகமில்லை.

கே: மார்ச்சில் வரும் ஓர் ஆல்பத்துக்கு ஐந்து நிறத்தில் எல்பி முன்பதிவு திறந்திருக்கிறார்கள். எதை எடுக்கலாம்?

ப: எதையும் எடுக்காதீர்கள். இதை நான் வருடா வருடம் சொல்கிறேன், வருடா வருடம் யாராவது நிறம் கேட்டு எழுதுகிறார்கள். ஒரு பாட்டு கூடக் கேட்காத ஆல்பத்துக்கு நிறம் தேர்ந்தெடுக்கிறீர்கள். ஆல்பம் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தால் கூட மனம் ஆறியிருக்கும்.

என் கதையைச் சொல்கிறேன். சில வருடம் முன்பு, பதினைந்து வயதில் இருந்து நான் கேட்டு வளர்ந்த ஒருவரின் ஆல்பம். முதல் நாளே எல்பி வந்தது. மேலுறையைக் கத்தியால் ஓரமாகக் கீறி, உள்ளுறையில் இருந்த வரிகளைப் படித்தபடியே இரண்டு பக்கமும் கேட்டேன். பத்துப் பாட்டு, அழகாக முடிந்தது. மூன்று வாரம் கழித்து டீலக்ஸ் பதிப்பு, நான்கு பாட்டு கூடுதல். அதையும் வாங்கினேன், வேறென்ன செய்ய? அந்த நான்கில் ஒன்றுதான் ஆல்பத்தின் சிறந்த பாட்டு. அடுத்த மாதம் இன்னொரு நிறம், அதில் மட்டும் போனில் பதிவு செய்த ஒரு டெமோ. அதோடு விட்டேன். இப்போது என் அலமாரியில் ஒரே அட்டைப்படத்தோடு இரண்டு தட்டு. முதலில் வந்ததை எடுத்துக் கேட்டே ரொம்ப நாளாகிறது, ஏனென்றால் அது அரைகுறை. என்னைப் போல முதல் நாளே காசு கொடுத்தவனுக்குக் கிடைப்பது அரைகுறை, பொறுத்திருந்தவருக்கு முழுசு. எந்தத் தொழிலில் இந்த நியாயம் உண்டு?

இது ஏன் நடக்கிறது என்றால், எத்தனை பதிப்பு வந்தாலும் விற்பனைப் பட்டியலில் எல்லாம் ஒரே ஆல்பத்தின் கணக்கில் சேரும். நீங்கள் மூன்று நிறம் வாங்கினால் மூன்று விற்பனை. முன்பும் டீலக்ஸ் உண்டு, ஆனால் ஆறு மாதமோ ஒரு வருடமோ இடைவெளி விடுவார்கள். இப்போது இடைவெளி மணிக்கணக்கில் வந்துவிட்டது. டெய்லர் ஸ்விஃப்ட் 2024 ஏப்ரல் 19 அன்று நள்ளிரவில் 16 பாட்டுகளோடு ஓர் ஆல்பம் விட்டார். இரண்டு மணி நேரத்தில் இன்னும் 15 பாட்டு வந்தது. ஸ்ட்ரீமிங்கில் கேட்பவருக்கு அது விருந்து. எல்பியை முன்பதிவு செய்தவர் கையில் இருந்தது மட்டும் பழைய கணக்கு.

கொரியப் பாப் இசையான கே-பாப்பின் ரசிகர்கள், ஆல்பத்தோடு வரும் போட்டோ கார்டுக்காக நாலைந்து பதிப்பு வாங்குவதைப் பலர் கேலி செய்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். அங்கே எத்தனை பதிப்பு, எதில் என்ன இருக்கும் என்று பெரும்பாலும் முன்பதிவு நாளிலேயே சொல்லிவிடுகிறார்கள். பிறகு கூடுதல் பாட்டோடு வந்தால் அதற்கு ரீபேக்கேஜ் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். சொல்லிவிட்டுச் செய்கிறார்கள்.

ஆகவே, ஆல்பம் வரட்டும். ஸ்ட்ரீமிங்கில் ஒரு மாதம், நாற்பது நாள் கேளுங்கள். அதற்குப் பிறகும் தட்டு வேண்டும் என்று தோன்றினால் அப்போது இருப்பதில் முழுமையான பதிப்பை வாங்குங்கள். பாட்டு பட்டியலைச் சரிபாருங்கள், ஏனென்றால் எல்பியில் ஒரு பக்கத்துக்கு 20, 22 நிமிடம்தான் நன்றாகக் கொள்ளும், சில சமயம் ஒரு பாட்டை அதற்காகவே தூக்கிவிடுகிறார்கள். நிறம்? கறுப்பு.

கே: ஒரு வீடியோவில் அவருடைய புதிய பாட்டு லீக் ஆகியிருக்கிறது. குரல் அச்சு அசல் அவர்தான். அடுத்த ஆல்பத்தில் வருமா?

ப: எவருடைய பாட்டு ஐயா? பெயரும் இல்லை, பாட்டின் முதல் வரியும் இல்லை. குரல் ஒத்துப்போவதெல்லாம் இன்று சாட்சியே அல்ல. 2023 ஏப்ரலில் டிரேக், தி வீக்எண்ட் இருவர் குரலிலும் ஒரு பாட்டு பரவியது. இரண்டு பேரும் பாடவே இல்லை. செயற்கை நுண்ணறிவால் செய்த குரல். நீக்குவதற்குள் லட்சக்கணக்கானோர் கேட்டுவிட்டார்கள். உண்மையான லீக்கும் உண்டுதான். ப்யோர்க்கின் ‘வுல்னிகுரா’ 2015 மார்ச்சில் வர வேண்டியது, திருட்டுத்தனமாக வெளியே போனதால் ஜனவரியிலேயே அவசரமாக வெளியிட்டார்கள். உங்களுடையது எந்த ரகம் என்று தெரிய வழி ஒன்றுதான்: தேதி வரட்டும்.

கே: ஆல்பத்துக்கு முன்பே தனித்தனியாக ஆறு சிங்கிள் வந்துவிட்டது. ஆல்பத்தில் இன்னும் என்ன மிச்சம்?

ப: மிச்சமே இல்லாத ஆல்பமும் உண்டு. பீட்டர் கேப்ரியல் 2023 ஜனவரியில் இருந்து பௌர்ணமிக்கு ஒரு பாட்டு வீதம் விட்டார். டிசம்பர் 1 அன்று ஆல்பம் வந்தபோது 12 பாட்டுமே பழசு. நான் நான்கு பௌர்ணமி வரை கேட்டேன், அப்புறம் ஆல்பத்துக்காகக் காதை மூடிக்கொண்டேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். இரண்டு சிங்கிள் போதும்.

கே: முன்னறிவிப்பே இல்லாமல் வரும் ஆல்பங்களை எப்படி எதிர்பார்ப்பது?

ப: எதிர்பார்க்க முடிந்தால் அதற்குப் பெயர் வேறு. பியான்ஸே 2013 டிசம்பர் 13 அன்று 14 பாட்டு, 17 வீடியோவோடு வந்து நின்றார். ஒருவருக்கும் தெரியாது.

கே: பத்து, பதினைந்து வருடம் காத்திருந்து வரும் ஆல்பங்கள் நன்றாக இருக்குமா?

ப: காத்திருந்த காலத்துக்கும் தரத்துக்கும் சம்பந்தமில்லை. ‘சைனீஸ் டெமாக்ரசி’ 2008-இல் வந்தபோது கன்ஸ் அண்ட் ரோஸஸ் ரசிகர்கள் 15 வருடம் காத்திருந்தார்கள். பலருக்கு ஏமாற்றம், எனக்கும். தி க்யூர் குழு 16 வருடம் கழித்து 2024 நவம்பரில் கொண்டுவந்த ஆல்பம் வேறு ஜாதி. முதல் பாட்டில் மூன்று நிமிடத்துக்கு மேல் வெறும் வாத்தியம்தான். பாடகர் ராபர்ட் ஸ்மித் வாயே திறக்க மாட்டார். இன்னும் பாடவில்லையே என்று நாம் நெளிகிற நேரத்தில் அந்தக் குரல் வரும், கொஞ்சமும் வயதாகாமல். அந்த மூன்று நிமிடத்தைத் தாண்டிக் கேட்கிறேன் என்று யாராவது எழுதினால் பதில் போட மாட்டேன்.

கே: ஜனவரியில் ஏன் நல்லது எதுவும் வருவதில்லை?

ப: டேவிட் போவியின் ‘ப்ளாக்ஸ்டார்’ 2016 ஜனவரி 8.

கே: போன வருடம் இதே பகுதியில் ‘கட்டாயம் வரும்’ என்று ஓர் ஆல்பத்தைச் சொன்னீர்கள். வரவே இல்லையே?

ப: ஒப்புக்கொள்கிறேன். பெயர் இருந்தது, தேதி இருந்தது, பாடல் பட்டியலோடு முன்பதிவும் திறந்திருந்தது. என் மூன்று விதியும் பொருந்தியது. நான் சொன்னதோடு நிற்காமல், மேலே திட்டிய அத்தனையும் மறந்து ஓர் எல்பிக்குப் பணமும் கட்டினேன், நீல நிறம். தேதி மே மாதத்தில் இருந்து ஆகஸ்டுக்குப் போனது, அங்கிருந்து அக்டோபருக்கு. போன வாரம் அந்தக் கடைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். டிசம்பர் 31 என்று போட்டிருக்கிறது.