கான்கிரீட் சீக்கிரம் வலுப்பெற என்ன செய்யலாம்?

கான்கிரீட் முழு வலு பெற வழக்கமாகக் கணக்கிடும் 28 நாள் காத்திருக்காமல் வலு வர வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமென்ட்டும் தண்ணீரும் வினைபுரிந்துதான் இறுகுகிறது. வெயிலில் காயவிட்டால் வேகம் கூடும் என்பது தப்புக்கணக்கு. ஈரம் போனால் வினையே நின்றுவிடும்.

என்னைக் கேட்டால் முதல் வேலை தண்ணீரைக் குறைப்பதுதான். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டருக்குப் பதில் 18 லிட்டர் ஊற்றினால், சிமென்ட் துகள்களுக்கு இடையே இடைவெளி குறையும். வினையில் விளையும் பொருள் அதைச் சீக்கிரம் நிரப்பிவிடும். கலவை விறைப்பாக இருக்கும், அதற்கு சூப்பர் பிளாஸ்டிசைசர் என்ற இளக்கும் ரசாயனத்தைச் சேர்த்தால் இளகி ஓடும். கொட்டும் நேரத்தில் "கொஞ்சம் தண்ணி விடுப்பா" என்று ஒரு வாளி ஊற்றுவார்களே, அங்கேதான் எல்லாம் கெடும்.

அடுத்து சிமென்ட். நிலக்கரிச் சாம்பல் கலந்த வகை மெதுவாக வலுப்பெறும். நைஸாக அரைத்த, விரைவில் இறுகும் வகை கிடைத்தால் நல்லது.

இறுகும் வேகத்தைக் கூட்டும் ரசாயனங்களான முடுக்கிகளில் மலிவானது கால்சியம் குளோரைடு. கம்பி உள்ள கான்கிரீட்டில் அதைத் தொடவே வேண்டாம், துரு பிடிக்கும். குளோரைடு இல்லாத கால்சியம் நைட்ரேட் வகையை வாங்குங்கள்.

தொழிற்சாலைகளில் நீராவி காட்டுவார்கள். வார்த்த சில மணி நேரம் விட்டு, மெல்ல 60 டிகிரி வரை ஏற்றினால் மறுநாளே அச்சைக் கழற்றலாம். கான்கிரீட்டின் உள்வெப்பம் 70 டிகிரியைத் தாண்டினால் பின்னாளில் உள்ளுக்குள் வீங்கி விரிசல் விடும் அபாயம் உண்டு.

எந்த வழியானாலும், முட்டு பிரிக்கும் முன், அதே கலவையில் வார்த்த சோதனைக் கட்டியை (கியூப்) உடைத்து வலுவைப் பாருங்கள்.