இறந்த பிள்ளையின் நல்ல குணத்தை நினைப்பது பெற்றோரை ஏன் தேற்றுகிறது?

போன பிள்ளையோடு உள்ள உறவை, அது செய்த நல்லதை நினைத்து மனத்தில் தொடர்வதைத் ‘தொடரும் பந்தம்’ என்பார்கள்.

மரணத்துக்குப் பிறகு மனம் ஆஸ்பத்திரியின் கடைசி மணி நேரத்தையே சுற்றிவரும். பிள்ளை செய்த உதவிகள் அது வாழ்ந்த முழு வாழ்க்கையையும் திரும்பக் கொண்டுவருகின்றன. உப்பு கூடிய குழம்பிலிருந்து உப்பை எடுக்க முடியாது. உருளைக்கிழங்கும் தண்ணீரும் சேர்த்தால் வாயில் வைக்கலாம். துயரமும் அப்படித்தான்: அதை எடுக்க முடியாது, நல்ல நினைவுகள் சேர்ந்தால் தாங்கலாம்.

பெற்றோர் அறியாத சம்பவங்கள்தான் அதிகம் தேற்றும். 16ஆம் நாள் கருமக்கிரியைக்கு வரும் நண்பர்களிடம் ஆளுக்கு ஒன்று எழுதித் தரச் சொல்லுங்கள். ‘நல்ல பிள்ளை’ என்பது போதாது. கோலாலம்பூரின் செந்தூல் பேருந்து நிறுத்தத்தில் பிள்ளை யாருக்குக் குடை கொடுத்தது, அவர் என்ன சொன்னார் என்பதே வேண்டும். பிள்ளையின் குரல் பதிவுகளை உடனே வேறு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். டாப் அப் செய்யாத ப்ரீபெய்ட் எண் காலாவதியாகும். பொதுவாக 120 நாள் பயன்படுத்தாத வாட்ஸ்அப் கணக்கும் நீக்கப்படும். யாரையும் வற்புறுத்தாதீர்கள்: அம்மா கேட்கத் துடிக்கும் பதிவை அப்பாவால் தாங்க முடியாமல் போகலாம். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

பெயரைச் சொன்னால் புண்ணைக் கிளறியதாகும் என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பெற்றோர் எதையும் மறந்திருக்கவில்லை, அழுதாலும் பெரும்பாலோர் அந்தப் பெயரைக் கேட்கவே விரும்புகிறார்கள்.